எந்த வயதில் எடுத்த இரத்தம்?

மூன்று வயது முடிந்த கிடேரி. ஒருமுறைகூடப் பருவத்துக்கு வந்து கத்தியதில்லை. மற்ற மாடுகள் மேல் தாவியதில்லை. வாலுக்கடியில் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கியதை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தீனி எடுக்கிறது, அசை போடுகிறது, தோலும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. அதே வருஷம் பிறந்த பக்கத்து வீட்டுக் கிடேரி ஒரு கன்று போட்டு, அடுத்ததற்கும் சினையாகிவிட்டது. இதை என்ன செய்வது?

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டில் கேட்டாலும் சரி, மலைக்குக் கீழே எந்த ஊரில் கேட்டாலும் சரி, இதற்கு இரண்டு பதில் கிடைக்கும். "மலடுப்பா, சந்தைக்கு ஓட்டிடு" என்பார் ஒருவர். "இன்னும் பருவம் வரல, தீனி போட்டுப் பாரு" என்பார் இன்னொருவர். இரண்டும் அனுபவத்தில் வந்த பதில்கள்தான். இரண்டுமே சில மாடுகளுக்குச் சரியாகவும் இருக்கும். எந்த மாட்டுக்கு எந்தப் பதில் என்பதுதான் வெளியிலிருந்து பார்த்தால் பிடிபடாது. இது போதாதென்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு: கிடேரி ஒழுங்காகப் பருவத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கும், பார்க்க வேண்டிய நேரத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திருப்பத்தூர் மாவட்டத்துப் பக்கம், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றோடு சேர்ந்த மலை ஊராட்சி நெல்லிவாசல்நாடு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இடம். சாமையும் கேழ்வரகும் மழையை நம்பி விளைகின்றன. மாடு மேய்ச்சலை நம்பி வளர்கிறது. கோடையில் புல் காய்ந்தால் மாட்டின் உடம்பும் காயும். இப்படிப்பட்ட இடத்தில் சினையாகாத கிடேரியும் சினையான கிடேரியும் தின்கிற வைக்கோல் ஒரே அளவுதான். ஆக, "இது ஒருநாளும் கன்று போடாது" என்பதையும் "இது இன்னும் ஆறு மாதத்தில் போடும்" என்பதையும் முன்கூட்டியே பிரித்துச் சொல்ல முடிந்தால் அதன் மதிப்பு பெரிது. கழுத்து நரம்பிலிருந்து எடுக்கும் கொஞ்சம் இரத்தத்தை வைத்து அதைச் சொல்ல முடியும். ஆனால் அந்த இரத்தம் எந்த நாளில், எந்த வயதில் எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் ஆய்வகத்திலிருந்து வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. சில சமயம் நேர் எதிரான பொருள்கூட வந்துவிடும்.

முதலில் எளிதான பகுதி. பசுவின் பருவச் சுற்று ஏறக்குறைய 21 நாள். சினைப்பையில் நீர் நிறைந்த சிறு குமிழி ஒன்று வளர்ந்து, முற்றி, உடைந்து முட்டையை வெளியே விடுகிறது. அதையொட்டிய 12 முதல் 18 மணி நேரம்தான் மாடு கத்துவதும் தாவுவதும் வழும்பு ஒழுகுவதும். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை என்று கால்நடை மருந்தகத்தில் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

குமிழி உடைந்த இடம் அப்படியே ஆறிப்போவதில்லை. அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு திசு வளர்கிறது. மருத்துவர்கள் கார்பஸ் லூட்டியம் என்பார்கள். நாம் மஞ்சள் திட்டு என்று வைத்துக்கொள்வோம். இந்தத் திட்டு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கருப்பையைக் கருவுக்காகத் தயார்ப்படுத்துவதும், அடுத்த முட்டை அவசரப்பட்டு வெளியேறாமல் தடுப்பதும் அதன் வேலை. சினை பிடிக்காவிட்டால் பதினாறு, பதினேழாம் நாள் வாக்கில் கருப்பையே வேறொரு பொருளைச் சுரந்து மஞ்சள் திட்டைக் கரைத்துவிடும். புரோஜெஸ்டிரான் சரியும், தடை நீங்கும், அடுத்த பருவம் வரும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாக வெளிப்படுகிறது. இரத்தத்தில் புரோஜெஸ்டிரான் கணிசமாக இருந்தால் சினைப்பையில் மஞ்சள் திட்டு இருக்கிறது. மஞ்சள் திட்டு இருந்தால் அண்மையில் ஒரு முட்டை வெளியேறியிருக்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும் அது நடந்திருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராம் என்பதை எல்லையாக வைக்கிறார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்கு மேல் இருந்தால் திட்டு வேலை செய்கிறது என்று பொருள்.

எல்லைக்குக் கீழே இருந்தால்? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நன்றாகச் சுழன்றுகொண்டிருக்கும் கிடேரியிலும் பருவத்துக்கு முந்திய இரண்டு மூன்று நாளும், பிந்திய நாலைந்து நாளும் புரோஜெஸ்டிரான் அடிமட்டத்தில்தான் இருக்கும். அந்த வாரத்தில் இரத்தம் எடுத்தால் ஆரோக்கியமான கிடேரியும் மலடாகத் தெரியும். அதனால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுக்கிறார்கள். முதல் முறை பருவம் முடிந்த மூன்றாம் நாளில் எடுத்தது என்றால் இரண்டாவது பதின்மூன்றாம் நாளில் வரும். அப்போது அளவு உச்சத்தில் இருக்கும். முதல் முறை பத்தொன்பதாம் நாள் என்றால் பத்து நாள் கழித்து அடுத்த சுற்றின் எட்டாம் நாள், அப்போதும் உயரம்தான். எந்த நாளில் ஆரம்பித்தாலும் சுழல்கிற மாடு இரண்டில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்ளும். இரண்டிலும் அளவு குறைவென்றால் அந்தக் கிடேரி சுழலவே இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

ஒன்றில் உயர்ந்து இன்னொன்றில் தாழ்ந்திருந்தால் வீட்டுக்காரர் பருவத்தைத் தவறவிட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பருவம் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் தலைகாட்டும். பகலெல்லாம் மாடு காட்டில் இருக்கும். சில மாடுகள் கத்தாமலே பருவத்தைக் கடந்துவிடும், அதை ஊமைப் பருவம் என்கிறோம். இரண்டு முறையும் உயரமாக இருந்தாலோ, ஒருவேளை கிடேரி ஏற்கெனவே சினையாக இருக்கலாம். மேய்ச்சலுக்குப் போன இடத்தில் காளையோடு சேர்ந்திருக்கும். மலடு என்று விற்ற மாடு வாங்கியவர் கொட்டகையில் கன்று போட்ட கதை எந்த ஊரில் இல்லை?

நூறு கோடியில் ஒரு பங்கை அளக்க முடியும் என்பதே அறுபது, எழுபது ஆண்டுக்கு முன் யாரும் நம்பாத விஷயம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் பிற்பகுதியில் இன்சுலினை அளக்க ஒரு வழி கண்டார்கள். அளக்க வேண்டிய ஹார்மோனை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைக் குறிப்பிட்ட அளவு எடுத்துக்கொள்வது. கதிரியக்கம் ஏற்றிய அதே ஹார்மோனைக் கொஞ்சம் சேர்ப்பது. பிறகு இரத்த மாதிரியைச் சேர்ப்பது. எதிர்ப்புரதத்தில் ஒட்டுவதற்கு இரண்டும் போட்டி போடும். மாதிரியில் ஹார்மோன் அதிகமென்றால் கதிரியக்கமுள்ளது ஒட்ட இடமில்லாமல் வெளியே நிற்கும். ஒட்டியிருக்கும் கதிரியக்கத்தை எண்ணினால் மாதிரியில் இருந்த அளவு தெரிந்துவிடும். பெர்சன் 1972இல் இறந்துவிட்டார். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்குக் கதிரியக்கத்துக்குப் பதிலாக நிறம் மாற்றும் நொதியை ஒட்டிவிடுகிறார்கள். எலிசா என்று கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டது அதுதான்.

1980களில் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போடு சேர்ந்து, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் கால்நடை ஆய்வகங்களுக்குப் புரோஜெஸ்டிரான் அளக்கும் பெட்டிகளை அனுப்பியது. அணுசக்திக்காரர்களுக்கு மாட்டுக் கொட்டகையில் என்ன வேலை என்று தோன்றும். ஹார்மோனில் ஏற்றும் கதிரியக்க அயோடின்தான் அந்தத் தொடர்பு. பருவத்திலேயே இல்லாத மாட்டுக்குச் சினை ஊசி போடுவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதெல்லாம் இப்படி அளந்த பிறகுதான் உறுதியாயிற்று.

மலையில் இந்தச் சோதனைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. மாட்டின் சிவப்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. குழாய்க்குள் போன பிறகும் புரோஜெஸ்டிரானை வேறு பொருளாக மாற்றிக்கொண்டே இருக்கும். காலையில் நெல்லிவாசல்நாட்டில் எடுத்த இரத்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, மதிய வெயிலில் திருப்பத்தூர் வந்து சேர்ந்தால், இருந்த ஹார்மோனில் பெரும்பகுதி வழியிலேயே காணாமல் போயிருக்கும். சுழல்கிற கிடேரி சுழலாத கிடேரியாகக் கணக்கில் ஏறும். எடுத்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும், சீக்கிரமாகச் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். இந்தச் சின்ன ஒழுங்கு இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் சோதித்தாலும் பயனில்லை.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்து இரண்டு மாதிரியிலும் புரோஜெஸ்டிரான் குறைவு என்று வந்துவிட்டது. அதாவது கிடேரி சுழலவில்லை. ஏன் சுழலவில்லை என்று அந்த எண் சொல்லாது.

பெரும்பாலான இடங்களில் விடை சாதாரணமானது: பசி. கிடேரி பருவத்துக்கு வருவதை வயதைவிட உடல் எடைதான் அதிகம் தீர்மானிக்கிறது. வளர்ந்த பசுவின் எடையில் அறுபது விழுக்காட்டை எட்டிய பிறகே சினை ஊசி போடச் சொல்வார்கள். உடம்பில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா, தினமும் வேண்டிய அளவு தீவனம் உள்ளே போகிறதா என்பதையெல்லாம் மூளை கவனித்துக்கொண்டே இருக்கிறது. போதாது என்று பட்டால் சினைப்பைக்குப் போக வேண்டிய கட்டளையை நிறுத்தி வைக்கிறது. நன்றாகத் தீவனம் கிடைத்த ஜெர்சி கலப்புக் கிடேரி ஒன்றரை வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். அதே கிடேரி காய்ந்த புல்லிலும் குடற்புழுவோடும் வளர்ந்தால் மூன்று வயதிலும் வராது. நாட்டு மாடுகள் இயல்பிலேயே கொஞ்சம் தாமதம். இவற்றை மலடு என்று சொல்வது அநியாயம். சினைப்பை முழுவதும் முட்டைகள் இருக்கின்றன, கட்டளைதான் வரவில்லை.

ஆனால் சினைப்பையே இல்லாத கிடேரியும் உண்டு. அதன் கதைதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்தது.

பசு சில சமயம் இரட்டைக் கன்று போடும். இரண்டும் கிடேரி என்றால் பிரச்சினை இல்லை. ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். காளைக்கன்றுக்குப் பெரிய குறை இருக்காது. ஆங்கில விவசாயிகள் இப்படிப்பட்ட கிடேரியை ஃபிரீமார்ட்டின் என்பார்கள். தமிழில் உடன்பிறப்பு மலடு என்று சொல்லிப் பார்க்கலாம். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் இவற்றை அறுத்துப் பார்த்து 1779இல் எழுதினார். வெளியே கிடேரி, உள்ளே கருப்பை நூலாகச் சுருங்கியிருக்கிறது, சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் விதைப்பையைப் போன்ற ஏதோ ஒன்று. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

விளங்க 137 ஆண்டு ஆயிற்று. வியன்னாவில் டான்ட்லரும் கெல்லரும் 1911இல் ஒரு துப்புக் கொடுத்தார்கள். சிகாகோவில் ஃபிராங்க் லில்லி அதைத் தனியாகவே கண்டுபிடித்து 1916இல் முழு விளக்கமாக வெளியிட்டார். அவருக்கு வாய்ப்பாக அமைந்தவை அந்த ஊரின் பெரிய இறைச்சிக்கூடங்கள். இரட்டைக் கருக்களோடு கூடிய கருப்பைகளை வரவழைத்துப் பார்த்தார். பசுவின் கருப்பையில் இரட்டையரின் நஞ்சுக்கொடிகள் வளரும்போது ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன, இரத்தக் குழாய்களும் இணைந்துவிடுகின்றன. மேல்மடை வயலும் கீழ்மடை வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற மாதிரி; மேல்வயல்காரர் என்ன உரம் போட்டாலும் கீழ்வயலுக்கும் போய்ச் சேரும். காளைக்கருவில் விதைப்பை சீக்கிரமே உருவாகி ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிடும். அது தங்கையின் உடலுக்குள்ளும் ஓடுகிறது. தங்கையின் சினைப்பை அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும்.

இதெல்லாம் ஊகம்தானே என்று கேட்கலாம். லில்லி பார்த்தவற்றில் சில இரட்டையர்களுக்கு இரத்தக் குழாய்கள் இணையவே இல்லை. அவற்றில் கிடேரிக்கரு முழுக்க இயல்பாக இருந்தது. இணைப்பு இருந்தால் கேடு, இல்லாவிட்டால் கேடில்லை. இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அபூர்வம்.

இரத்தம் கலப்பதற்கு இன்னொரு சாட்சியம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மேரிலண்டில் ஒரு கெர்ன்சி பசுவைக் கெர்ன்சிக் காளையோடு சேர்த்த அதே நாளில், பக்கத்துத் தோட்டத்து ஹெர்ஃபோர்டு காளை வேலி தாண்டி வந்து அதுவும் சேர்ந்துவிட்டது. பிறந்தவை இரட்டையர். ஒன்றின் முகத்தில் ஹெர்ஃபோர்டு இனத்தின் வெள்ளை. இரண்டுக்கும் வேறு வேறு அப்பன்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் இரத்த மாதிரியைச் சோதித்த விஸ்கான்சின் ஆய்வாளர் ரே ஓவனுக்கு ஆச்சரியம்: இரண்டு கன்றுகளின் இரத்தத்திலும் இரண்டு காளைகளின் அடையாளங்களும் இருந்தன. கருவிலிருந்தபோது இரத்தம் உண்டாக்கும் மூலச்செல்களே இடம் மாறிக் குடியேறி, பிறந்த பிறகும் அங்கேயே இருந்து அணுக்களைத் தயாரித்துக்கொண்டிருந்தன. ஓவன் இதை 1945இல் வெளியிட்டார். அந்நியச் செல்லை உடல் ஏன் விரட்டவில்லை என்ற கேள்வி பீட்டர் மெடவாரையும் பர்னெட்டையும் உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் அடிப்படைக்குக் கொண்டுபோய் 1960இல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது. ஓவனுக்குப் பரிசு இல்லை. மாட்டுக்கும் இல்லை.

திரும்ப ஹார்மோனுக்கு வருவோம். அண்ணனிடமிருந்து வந்தது டெஸ்டோஸ்டிரான் என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் கணக்கு இடித்தது. டெஸ்டோஸ்டிரான் வந்திருந்தால் வெளியுறுப்புகள்தான் முதலில் ஆணாக மாறியிருக்க வேண்டும். இங்கே வெளியே பெண், உள்ளே சேதம். பிரான்சில் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் 1940களில் முயல் கருக்களை வைத்து முடிச்சை அவிழ்த்தார். தாய் வயிற்றுக்குள்ளேயே ஆண் கருவின் விதைப்பையை எடுத்துவிட்டால் அது பெண்ணின் குழாய்களோடு வளர்ந்தது. பெண் கருவுக்கு டெஸ்டோஸ்டிரான் வைத்தால் ஆண் குழாய்கள் வளர்ந்தன, ஆனால் பெண் குழாய்களும் மறையாமல் கூடவே நின்றன. அப்படியானால் பெண் குழாயை அழிப்பது விதைப்பையிலிருந்து வரும் இன்னொரு பொருளாகத்தான் இருக்க வேண்டும். கருப்பையாக வளரப்போகிற அந்தக் குழாயை 1830இல் விவரித்தவர் யோஹானஸ் முல்லர். எனவே பொருளுக்கு ஆன்ட்டி முல்லேரியன் ஹார்மோன் என்று பெயர், சுருக்கமாக ஏஎம்எச்.

பாரிஸில் நத்தாலி ஜொஸ்ஸோவின் குழு கன்றுகளின் விதைப்பையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. 1984இல் அவர்கள் உடன்பிறப்பு மலடாக உருவாகிக்கொண்டிருந்த கிடேரிக் கருக்களின் இரத்தத்தில் ஏஎம்எச் இருப்பதை அளந்து காட்டினார்கள். அந்தப் பருவத்தில் பெண் கரு அதைத் தானாகச் சுரக்காது. அண்ணனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். 1987இல் சுத்தமான மாட்டு ஏஎம்எச்சை எலிக்கருவின் சினைப்பைத் திசுவுக்கு ஊட்டினார்கள். முட்டைச் செல்கள் அழிந்து, விதைப்பையில் இருப்பவை போன்ற குழல்கள் தோன்றின. ஹண்டர் கத்தியால் அறுத்துப் பார்த்த அதே காட்சி இப்போது கண்ணாடித் தட்டில்.

ஏஎம்எச் என்ற பெயரை வேறு இடத்தில் கேள்விப்பட்ட நினைவு பலருக்கு வரலாம். நகரத்துக் கருத்தரிப்பு மையங்களில் பெண்களுக்கு எழுதிக் கொடுக்கிற அதே 'ஏஎம்எச் டெஸ்ட்'தான். அங்கே அது முட்டை இருப்பின் அளவுகோல். கருவிலே கருப்பையை அழிக்கிற பொருள், பிறந்து வளர்ந்த பெண்ணிடம் நல்ல செய்தியாக எப்படி மாறுகிறது?

பெண் கரு ஆரம்பத்தில் ஏஎம்எச் சுரப்பதில்லை. முல்லர் குழாய் கருப்பையாக உருவாகி முடிந்து, அந்த ஆபத்துக் காலம் தாண்டிய பிறகே சினைப்பையின் சிறு குமிழிகளிலுள்ள செல்கள் அதைச் சுரக்கத் தொடங்குகின்றன. அங்கே அதற்கு வேறு வேலை: எல்லாக் குமிழிகளும் ஒரேயடியாக வளர்ந்து தீர்ந்துவிடாமல் அடக்கி வைப்பது. எனவே வளர்ந்த கிடேரியின் இரத்தத்தில் ஏஎம்எச் இருந்தால் சினைப்பையில் குமிழிகள் இருக்கின்றன. நிறைய இருந்தால் நிறைய இருக்கின்றன. பருவச் சுற்றின் எந்த நாளில் எடுத்தாலும் அளவு பெரிதாக மாறாது என்பதால் ஒரு மாதிரியே போதும். புரோஜெஸ்டிரானுக்கு இல்லாத வசதி இது. உடன்பிறப்பு மலடுக்குக் குமிழியே இல்லை, அதனால் ஏஎம்எச் ஏறக்குறைய இல்லை. ஜப்பானில் இரட்டையாகப் பிறந்த கிடேரிக் கன்றுகளில் அளந்தபோது இயல்பான கன்றுகளுக்கும் மலட்டுக் கன்றுகளுக்கும் இடையே வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது.

இப்போது வயதைப் பாருங்கள். கருவாக இருக்கும்போது இரத்தத்தில் ஏஎம்எச் நிறைந்திருந்தால் அந்தக் கிடேரி மலடாகப் போகிறது. அதே கிடேரி ஒரு வயதில் ஏஎம்எச் இல்லாமல் நின்றால் மலடாகிவிட்டது என்று பொருள். பிறந்த உடனே எடுத்தால் அண்ணனுடைய ஹார்மோனின் மிச்சம் இன்னும் தங்கியிருந்து குழப்பும். இயல்பான கிடேரிக்கன்றிலும் முதல் சில மாதங்களில் அளவு ஏறி, பிறகு இறங்கி, அதன் பின்னரே ஒரு நிலைக்கு வருகிறது. குழாய் மேல் ஒட்டும் சீட்டில் மாட்டின் வயதை எழுத மறந்தால் எழுதியதெல்லாம் வீண்.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிக தூரம் போகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் ஆய்வாளர்கள் ஹோல்ஸ்டீன் கிடேரிகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் எழுதினார்கள்: ஏஎம்எச் மிகக் குறைந்த பிரிவில் இருந்தவை மந்தையில் குறைந்த காலமே நீடித்தன. உடனே, குறைந்த ஏஎம்எச் கிடேரிகளை எல்லாம் கழித்துவிடலாமா என்ற பேச்சு. குறைவு வேறு, இல்லாமை வேறு. குறைவாக உள்ளது கன்று போடும். திமில் உள்ள நம்மூர் இன வகையில் குமிழிகளின் எண்ணிக்கையும் ஏஎம்எச் அளவும் ஐரோப்பிய மாடுகளைவிட அதிகம் என்று பிரேசிலில் அளந்திருக்கிறார்கள். எருமையில் நேர்மாறாகக் குறைவு. ஹோல்ஸ்டீனுக்குப் போட்ட கோட்டை மலைமாட்டுக்கோ கலப்பினத்துக்கோ அப்படியே தூக்கி வைத்தால் தவறான மாட்டைக் காப்பாற்றி, தவறான மாட்டை விற்போம். இங்கத்திய மாடுகளில் அளந்து கோடு போடும் வரை, ஏஎம்எச்சைக் 'குமிழி உண்டா, இல்லையா' என்று கேட்க மட்டும் பயன்படுத்துவதே நியாயம்.

அதையும் முதல் வேலையாகச் செய்ய வேண்டியதில்லை. இரத்தத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது பிறந்தபோது கூடக் காளைக்கன்று பிறந்ததா? சொந்தக் கொட்டகையில் பிறந்தது என்றால் வீட்டிலிருக்கும் பாட்டி நொடியில் சொல்லிவிடுவார். பிறந்தது உண்மை என்றால் அடுத்த சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். ஒரு மாத வயதுக் கிடேரிக்கன்றின் பிறப்புறுப்பில், முனை மழுங்கிய, விரல் தடிமனுள்ள குழாயை வழுக்கும்படி எண்ணெய் தடவி மருத்துவர் மெல்ல நுழைப்பார். இயல்பான கன்றில் அது 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை போகும். உடன்பிறப்பு மலட்டில் ஐந்தாறு, மிஞ்சினால் எட்டு சென்டிமீட்டரில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் வழியே உருவாகியிருக்காது. கீழ் ஓரத்தில் வழக்கத்தைவிட நீளமான மயிர்க்கற்றையும் சில கன்றுகளில் இருக்கும். ஐயம் மிச்சமிருந்தால் இரத்தத்தில் ஆண் குரோமோசோமைத் தேடும் மரபணுச் சோதனை. அண்ணனின் செல்கள் அங்கே குடியிருப்பதை ஓவன்தான் சொல்லிவிட்டாரே.

சந்தையில் வாங்கிய கிடேரிக்குப் பாட்டி சாட்சி கிடையாது. இன்னொரு பொல்லாத வகையும் உண்டு: காளைக்கரு பாதியில் கருப்பைக்குள்ளேயே அழிந்து, கிடேரி மட்டும் ஒற்றையாகப் பிறப்பது. அழிவதற்குள் அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருப்பான். இந்த இரண்டு இடத்திலும்தான் ஏஎம்எச் சோதனைக்கு உண்மையான வேலை.

நம் மூன்று வயதுக் கிடேரிக்குப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை புரோஜெஸ்டிரான் குறைவு, ஏஎம்எச் நன்றாக இருக்கிறது என்று வந்தால், மருத்துவர் கையிலிருப்பது பசித்த மாடு. குடற்புழு மருந்து, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தயாரிக்கிற மாதிரியான தாது உப்புக் கலவை, கொஞ்சம் அடர்தீவனம். எடை ஏறிய பிறகும் பருவம் தலைகாட்டாவிட்டால், புரோஜெஸ்டிரான் ஊறிய ஒரு சிறு கருவியைப் பிறப்புறுப்புக்குள் ஏழெட்டு நாள் வைத்து எடுப்பார்கள். எடுத்தவுடன் ஹார்மோன் சட்டென்று சரியும். இல்லாத மஞ்சள் திட்டு கரைந்துவிட்டதாக மூளை எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் கிடேரி கத்தும். எலும்பு தெரியும் கிடேரிக்கு இதை வைத்துப் பயனில்லை. கத்தினாலும் சினை தங்காது. இடுப்பெலும்பைச் சுற்றிக் கொஞ்சம் சதை வைத்த பிறகு ஓட்டி வாருங்கள் என்றுதான் மருத்துவர் திருப்பி அனுப்புவார்.